மழைக் கணக்கில் ஒரு கூட்டாளி

எங்கள் வீட்டுக் கணினி ஓடத் தொடங்கினால் பக்கத்து அறையில் பேசுவது காதில் விழாது. மகள் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது. படிப்பு முடிந்து ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவள், மடிக்கணினி ஒன்று வாங்கிக்கொண்டு இதை எங்களிடம் விட்டுவிட்டாள். தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னாள். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட்ட சரித்திரமே கிடையாது. அது மேசையோடு நகர்ந்து என் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் லாரி ஓட்டியவர். மந்தின் பக்கம் மணல், இந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை, எது கிடைத்தாலும் ஏற்றி இறக்கியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு லாரியும் போயிற்று. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிட்டார்கள். ஒரு பை மருந்துத் தண்ணீரை அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வெளியே வடித்துவிட்டு அடுத்த பையை விட வேண்டும். காலை, மதியம், மாலை, படுக்கப் போகும் முன் என்று தினமும் இதே பாடு. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் தண்ணி மாற்றுவது.

நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பச்சை நிற மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் யார் முகமும் சரியாகத் தெரியாது. நாங்கள் இருப்பது தோட்டத்து ஆட்களுக்கென்று ஒதுக்கிய வரிசை வீடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பாதி போய், செண்டாயான் பக்கமிருந்து புது வீடுகள் எங்களை நோக்கி நகர்ந்து வருகின்றன. ஆனாலும் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் தோட்டத்தில் என்றுதான் வாயில் வரும்.

லாரி போன முதல் வருஷம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் கேட்டார்.

"தண்ணி மாத்துறத நிறுத்திட்டா எத்தன நாளு ஓடும்?"

எனக்குப் புரிந்தது. புரியாததைப் போல எழுந்து தட்டுகளைக் கழுவப் போனேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகும் அவர் இரண்டொரு தடவை அதே பேச்சை எடுத்தார். வேலையில் இருக்கும்போது, மதியப் பையை மாற்றினாரா, மாற்றாமல் படுத்துக்கொண்டாரா என்று பலகையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அப்படி இருந்த மனுஷர் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் சும்மா கிடக்கும் கணினியை விஞ்ஞானிகளுக்கு இரவலாகக் கொடுக்கலாமாம். அவர்களிடம் இருக்கும் பெரிய பெரிய கணக்குகளைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுக்க வீடுகளுக்கு அனுப்புவார்களாம். நம் கணினி அந்தத் துண்டைப் போட்டு முடித்து விடையை அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளுமாம்.

"அதுல நமக்கு என்ன கெடைக்கும்?" என்றேன்.

"ஒண்ணும் கெடைக்காது. சும்மா செய்யறதுதான்."

"சும்மா செய்யறதுக்கு இந்த வீட்ல ஏற்கெனவே நான் ஒருத்தி இருக்கேன்லா."

அவர் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மகளைக் கைப்பேசியில் பிடித்து, அவள் சொல்லச் சொல்ல இவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து அந்த மென்பொருளை ஏற்றிவிட்டார்.

ஏற்றியது பெரிதில்லை. எந்தக் கணக்கைப் போடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் பெரிய கூத்து. ஒரு பட்டியல் வந்தது. வியாதிகள், நட்சத்திரங்கள், எண்கள், பூமி அதிர்ச்சி என்று என்னென்னவோ இருந்தன. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் ஒரு தட்டுக் கேசரி தின்னும் நேரம்தான் எடுத்துக்கொண்டார். இந்தப் பட்டியலுக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார்.

முதலில் சிறுநீரகத்தைத் தேடினார். அகப்படவில்லை. "நம்ம வியாதிய எவனும் சீந்த மாட்டேங்கிறான்" என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தார். புற்றுநோய் இருந்தது. ஆனால் அதில் ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் சேர்ந்திருந்தார்கள். "அங்க கூட்டம் ஜாஸ்தி. நம்ம போயி என்ன ஆவப் போவுது" என்று விட்டுவிட்டார். வியாதிக்கான இன்னொரு கணக்கை எடுத்தார். அது மிகவும் கனமானது. எங்கள் கணினி திக்கித் திணறி, கொடுத்த தவணைக்குள் முடிக்க முடியாமல் நின்றுவிட்டது. அதற்கெல்லாம் புதுக் கணினி வேண்டுமாம், தனியாக ஓர் அட்டை வேண்டுமாம். எங்கள் வீட்டில் புதிதாக வந்தது பல்லி மட்டும்தான்.

அதன் பிறகு நட்சத்திரம். வானத்திலிருந்து வரும் ஏதோ அலையில் துடிப்பு இருக்கிறதா என்று தேடும் கணக்கு. சில வாரங்கள் ஓட்டினார். ஒரு நாள் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "பக்டரி லைட்டுல ஒரு நட்சத்திரமும் தெரியலலா. தெரியாத சாமானுக்கு எப்படி வேல செய்யறது?" என்று அதையும் நிறுத்திவிட்டார். அதற்கடுத்து, தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்களைத் தேடுவது. அதை ஓட்டியபோது கணினி அடுப்பு மாதிரி கொதித்தது. அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. நான் துணி காயப் போட்டுக்கொண்டேன். மழைக்காலத்தில் அது ஒன்றுதான் அந்த எண்களால் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

கடைசியில் மழைக்கு வந்து சேர்ந்தார். எங்கோ ஆப்பிரிக்கப் பக்கம், மழையை நம்பிப் பயிர் செய்யும் ஊர்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எப்போது எவ்வளவு பெய்யும் என்று போடும் கணக்கு. இதைப் படித்தவுடன் அவர் முகம் மாறிற்று. லாரி ஓட்டிய காலமெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான் அன்றைய பொழுது முடிவாகும். பெய்தால் மண் பாதையில் சக்கரம் இறங்கிவிடும், குலை ஏற்ற முடியாது.

"இதான். இது எனக்குத் தெரியும்" என்றார்.

மழைக் கணக்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே துண்டை இரண்டு வீடுகளுக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப் போனால்தான் சரி என்று ஏற்றுக்கொள்வார்கள். அதுவரை முதலில் முடித்தவருடைய வேலை "காத்திருக்கிறது" என்றே இணையப் பக்கத்தில் காட்டும். முதலில் இது அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

"பாத்தியா, நம்ம பின்னாடியே கண்காணிக்க ஒரு மண்டோர போட்டு வச்சிருக்கான்" என்றார்.

பிறகு அந்த இன்னொரு கணினியைப் பற்றிய வரியை ஒவ்வொரு நாளும் பார்க்க ஆரம்பித்தார். ஆள் பெயர் இருக்காது. ஒரு நீள எண் இருக்கும், என்ன மாதிரிக் கணினி என்று இருக்கும், அவ்வளவுதான். சில நாளில் மண்டோர் மாறிக் கூட்டாளி ஆகிவிட்டார். "இன்னிக்கி கூட்டாளி புது மெஷின் வச்சிருக்கான், ஒரே நாள்ல முடிச்சிட்டான்" என்பார். "இந்தக் கூட்டாளி பகல்ல மட்டும் ஓட்டுறான். ஒப்பிஸ் கம்ப்யூட்டரா இருக்கும்" என்பார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு கூட்டாளி. சாப்பாட்டு வேளையில் நான் கேட்காமலே எல்லாச் செய்தியும் எனக்கு வந்துவிடும்.

இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும், நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்கள். ஆளுக்கொரு வரிசை மரம், அதற்குப் பெயர் நிரை. பக்கத்துப் பக்கத்து நிரைக்காரர்கள் ஜோடியாகத்தான் பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் முடிக்காவிட்டால் மற்றவர் வாளியோடு காத்துக்கொண்டு நிற்பார், விட்டுவிட்டுப் போக மாட்டார். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவர் வீட்டிலிருந்து ஓர் ஆள், பெண்டாட்டியோ கொழுந்தியாளோ, அந்த நிரையில் இறங்கிப் பாலெடுத்து முடிக்க வேண்டும். மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பால் வெயில் ஏறினால் கெட்டுப்போகும். நிரையைப் பாதியில் விட்டவன் என்று பெயர் எடுப்பது அவர்கள் குடும்பத்தில் திருடன் என்று பெயர் எடுப்பதற்குச் சமம். என் வீட்டுக்காரர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மழைக் கணக்குப் போட்டாலும் மனசுக்குள் நிரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கும் அந்தக் கணினிக்கும் சண்டை வராத நாளில்லை. தண்ணி மாற்றும்போது தூசி பறக்கக் கூடாது என்பது மருத்துவமனையில் மிஸ்ஸி, அதாவது தாதி, சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஜன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், கையைக் கழுவி முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கணினிக்குள்ளும் விசிறி இருக்கிறது, அதுவும் ஊரிலுள்ள தூசியையெல்லாம் இழுத்து ஊதுகிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அதை நிறுத்தச் சொல்வேன்.

"மழ நிக்குதுலா" என்பார்.

"நிக்கட்டும். குழாயில கிருமி பூந்தா நீங்க நிப்பீங்களா?"

இன்னொரு சண்டை இடிக்கு. எங்கள் பக்கம் மதியம் தாண்டினால் வானம் கறுத்து இடி இறங்கும். வரிசை முழுக்க எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சோற்றுப் பானை, எல்லாம். நானும் பிடுங்குவேன். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு தடவை அவரைச் சோதனைக்காக மருத்துவமனையில் சில நாள் வைத்துக்கொண்டபோது, ஆளில்லாத அறையில் இது எதற்கு இரைந்துகொண்டிருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தவணை தாண்டிவிட்டது. அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மருந்துக்காகச் சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இத்தனை இரைச்சலையும் சூட்டையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணம்தான். மழைக் கணக்கு வந்த பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காலையில் எழுந்தால் முதலில் திரையைப் பார்ப்பார், அதன்பின் தானாகவே பையைக் கேட்பார். அதற்காக அந்த அறையில் லாரியையே ஓட்டினாலும் சகித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாதம் தொழிற்சாலையில் ஆள் பற்றாக்குறை. ஓ.டி. மேல் ஓ.டி. போட்டார்கள். வீட்டுக்கு வந்து விழுந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கால் வீங்கி, செருப்பின் வார் தடம் பதிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ படு. நானே மாத்திக்கறேன், நானே ஊத்திடறேன்" என்று சொல்லத் தொடங்கினார். வடித்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றிப் பையை வெட்டிப் போடும் வேலையை அதுவரை நான்தான் செய்துவந்தேன். பரவாயில்லையே, மனுஷருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை இயந்திரம் ஏதோ பழுதாகி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். மதியம் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் பையின் மேல் போட்டார்.

வடித்த தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். பையை நாளிதழின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் பயமில்லை. படிக்க முடியாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம், உடனே ஓடி வர வேண்டும். நான் துண்டை இழுத்தேன். பையைத் தூக்கி நாளிதழில் வைத்தேன். தலைப்பு எழுத்தே தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. நெற்றியைத் தொட்டால் சுட்டது.

"எப்பலேர்ந்து?"

"காலைல லேசா..."

"காலைலயா, நேத்தா? என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க."

"நேத்து சாயந்தரம்."

நேற்று மாலை நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். நானே ஊத்திடறேன் என்று சொன்னது எதற்கென்று இப்போது விளங்கிற்று.

"ஏன் சொல்லல? வலிக்கலயா?"

வலிக்கிறது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவர் திரையைப் பார்த்தார். மழைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கணினி பல நாளாக மெதுவாக இழுத்துக்கொண்டு வந்த பெரிய துண்டு.

"முடியப் போவுதும்மா. தொண்ணூறு தாண்டிருச்சு. நான் ஆஸ்பத்திரிக்கிப் போனா நீ பிளக்கப் புடுங்கிடுவே. இந்தக் கூட்டாளியும் நம்மள மாதிரியே பழைய மெஷின் வச்சிக்கிட்டு இழுத்துக்கிட்டு இருக்கான். நம்ம பாதியில விட்டா அவன் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்லா. அவன் நின்னுக்கிட்டே இருப்பான்."

இப்படி ஒரு காரணத்தை உலகத்தில் வேறு எந்தப் பெண்டாட்டியாவது கேட்டிருப்பாளா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குப் போய் மகளைக் கைப்பேசியில் அழைத்தேன். அப்பாவுக்குக் கிருமி புகுந்துவிட்டது, ஆனால் கணக்கு முடியாமல் கிளம்ப மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். அவள் அந்தப் பக்கம் பதறினாள்.

"ஐயோம்மா, அதெல்லாம் ஒண்ணும் வீணாவாது. அப்பா செய்யலன்னா டைம் முடிஞ்சதும் அது தானா வேற ஆளுக்குப் போயிடும். யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. அவர்ட்ட சொல்லுங்க, கெளம்பிடுவாரு."

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றேன். அந்தச் செய்தி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எழுந்து வந்துவிடுவார், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், உங்கள் இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று அவரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனால், அங்கே இந்தக் கிருமியைக் கொன்று திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்பார். அதற்கு எந்த மருந்தும் அவர்களிடம் இல்லை. நான் அதை அப்படியே விழுங்கினேன்.

"உங்க நிரைய நான் முடிக்கறேன். பிளக்கப் புடுங்க மாட்டேன். எந்திரிங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?"

"உங்கம்மா உங்கப்பாவுக்கு முடிக்கல? எந்திரிங்க."

எழுந்துகொண்டார். பக்கத்து வீட்டுத் தம்பி காடியை எடுத்து எங்களை ஏற்றிக்கொண்டார். சிரம்பான் மருத்துவமனையில் அவரைப் பார்த்த மிஸ்ஸி, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று மலாயில் திட்டினார். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, மழை, மிஸ்ஸி என்று மலாயில் பதில் சொன்னார். மிஸ்ஸி ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவருக்குக் காய்ச்சலில் பிதற்றல் என்று எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. நான் விளக்கம் கொடுக்கவில்லை, எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் மதியம் குளித்துவிட்டு வேறு துணி எடுத்துக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கணினி தனியாக இரைந்துகொண்டிருந்தது. துணியை எடுத்துப் பையில் வைப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"மின்னல் வெட்டுது, பிளக்கெல்லாம் புடுங்கிட்டீங்களா?"

"புடுங்கிட்டேன்க்கா" என்று பொய் சொன்னேன்.

மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். இடி விழுந்தால் கணினியோடு சேர்த்து நானும் போவேன் என்று தெரியும். வேலையில் ஆயிரம் பலகை, வீட்டில் பைகள், மருத்துவமனை, பேருந்து, எல்லாம் என் தலையில். இப்போது ஆப்பிரிக்காவில் பெய்கிற மழையும் என் தலையில். எனக்கு முடியாமல் போனால் என் நிரையில் யார் இறங்குவார்கள் என்று நினைத்தேன். நினைத்தபோதே ஓர் இடி விழுந்தது. மெயின் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க இருட்டானது.

மழை விட்ட பிறகு மெயினைத் தூக்கிவிட்டேன். நல்ல வேளை, எதுவும் கருகவில்லை. கணினி முக்கி முனகி எழுந்தது. ஆனால் திரையில் இருந்த கணக்கு பின்னால் போயிருந்தது. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்குமாம். நான் அந்தக் கணினியைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதன் பிறகு அழுதேன். வீட்டில் யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு துணிப் பையோடு சிரம்பான் பேருந்தைப் பிடித்தேன். மின்சாரம் போனதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் அந்தத் துண்டு முடிந்து போய்ச் சேர்ந்திருந்தது. அவரை அழைத்தேன்.

"போயிடுச்சு" என்றேன்.

வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"கூட்டாளி?"

"இன்னும் வரல."

"வருவான். பழைய மெஷின்லா."

குழாயை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் பயமுறுத்தினார்கள். எடுக்காமலே சமாளித்துவிட்டார்கள். அவர் மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தார். சில நாள் கணினிப் பக்கமே போகவில்லை. போகாததும் எனக்குப் பயம்தான், போனாலும் பயம்தான். ஏனென்றால் அதற்குள் நான் என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். கூட்டாளியின் வரிக்கு நேராக, தவணை முடிந்தது, பதில் இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு கணினி. புதுக் கணினி. அதே துண்டை வாங்கி ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் வேலை சரி என்று பக்கத்தில் ஏறியிருந்தது.

மகள் சொன்ன செய்தியை நான் விழுங்கிப் பயன் என்ன? அது அங்கே எழுத்தில் கிடந்தது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எத்தனை நாளைக்குச் சொல்வது?

மாலைப் பைக்கு நேரமாயிற்று. நான் பையைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் திறந்திருந்தது. சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிற்று. இந்தத் தடவை கழுவுவதற்குத் தட்டும் இல்லை.

"கூட்டாளி வரவே இல்ல போல" என்றார் திரும்பாமல்.

"ம்."

"வேற ஆளுக்கு மாத்திட்டாங்க. டைம் போனா மாத்திடுவாங்களாட்டம் இருக்கு."

"ம்."

அவர் சுட்டெலியை நகர்த்தி மேலே போனார், கீழே வந்தார். கூட்டாளியின் எண்ணுக்கு நேராக வந்து நிறுத்தினார்.

"என்ன மாதிரி அவனுக்கும் ஒடம்பு முடியாம போயிருக்கும். எறங்கி முடிச்சுக் குடுக்க வீட்ல ஆளு இல்ல போலருக்கு, பாவம்."

கையிலிருந்த பையின் சூடு என் விரலில் ஏறிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் முகம் தெரியாத ஒருவனைப் பற்றித்தான் சொன்னார். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

"சரி, மழைய நிறுத்துங்க. தண்ணி மாத்தணும்" என்றேன்.